கடலில் மழை, படகில் மயில்

மார்ச் 4, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். சங்கரன்கோவிலில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். என் அக்கா மகள் செண்பகவல்லி தொட்டிலில் கிடந்தபோதே, தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை இமைக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டு, "இது கண் டாக்டருக்குத்தான் படிக்கும்" என்று சொன்னேன். அப்போது நம் வீட்டுக்குக் கரண்டே வரவில்லை என்று அக்கா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஞாபகசக்தி போதாது.

இன்று அவள் டாக்டர் செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் பொருநை கண் மருத்துவக் கல்லூரியில் விழித்திரைப் பிரிவின் இணைப் பேராசிரியர். விழித்திரை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கண் ஒரு தியேட்டர். பின்சுவரில் தொங்குகிற திரைதான் விழித்திரை. சர்க்கரை வியாதிக்காரனுக்கு அந்தத் திரையில் ஈரம் கசிந்து ஊறிவிடும். படம் ஓடும், நடுவில் கறையாகத் தெரியும். இதை அவள் வகுப்பில் அப்படியே சொல்கிறாளாம். என்னிடமிருந்து போன சரக்கு.

கண்ணுக்குள் ஊசி போட்டால் ஈரம் வற்றும். ஊசி எப்போது வேண்டும் என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். ஸ்கேன் மெஷின் பெரிய ஊர்களில்தான் உண்டு. கடையத்திலும் திருவேங்கடத்திலும் கிடக்கிறவன் ஒரு நாள் வேலையை விட்டு, துணைக்கு ஆளைத் தேடி, பஸ் ஏறி வருவதற்குள் அலுத்துப்போய் வீட்டிலேயே குருடாகிவிடுகிறான். அதனால்தான் செண்பகம் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினாள். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிப் படிக்கச் சொல்வது. எழுத்து குறைந்தால் ஊசி, குறையாவிட்டால் வேண்டாம். மெஷின் இல்லாத ஊரில் இது போதுமா என்று பார்ப்பது. ஸ்கேனும் எடுப்பார்கள். ஆனால் அதை யாரும் பார்க்காமல் பூட்டி வைத்து, பாதி வழியில் ஒரு தடவை திறந்து, எழுத்தோடு ஒப்பிடுவார்கள். நம் ஜனங்களுக்காகத் தமிழ் எழுத்திலேயே ஒரு பலகை வடிவமைத்து அச்சடித்திருக்கிறாள். இப்படிப் பலகை ஒன்றே ஒன்றுதான், எல்லோருக்கும் எப்போதும் அதேதான்.

இது பலித்தால் துறைத் தலைவர் நாற்காலி அவளுக்கு. ஏற்கனவே இரண்டு தடவை கை நழுவிய நாற்காலி.

பொங்கலுக்கு வந்தபோதே சொன்னாள், "உறவுக்காரவங்கள இதுல சேக்கக் கூடாது மாமா, விதி. நீங்க வேற டாக்டர்ட்ட கட்டாயம் காட்டணும்." மதுரையில் ஒரு பெரிய டாக்டர், என் லாரி புக்கிங் ஆபீஸ் காலத்துச் சிநேகிதர், அவரிடம் காட்டுகிறேன் என்றேன். மதுரையில் எனக்கு டீக்கடைக்காரரைத் தவிர யாரையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுதவள் அவள். தாய்மாமன் இல்லாமல் எந்தக் காரியம் நடந்திருக்கிறது? இத்தனை பெரிய காரியத்தில் மட்டும் மாமன் வெளியே நிற்பதா? இன்று மாஸ்க் போட்டுக்கொண்டு போய், நாயகம் என்று பாதிப் பேரைச் சொல்லிச் சேர்ந்துவிட்டேன். முழுப் பேர் கோமதிநாயகம் என்பது ஆதார் அட்டைக்குத் தெரிந்தால் போதும். சொந்தக்காரர் யாராவது இங்கே வேலை பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். செவ்வாய்க்கிழமை செண்பகம் வகுப்பு எடுக்கும் நாள், இந்தப் பக்கம் வரமாட்டாள். நோயாளிகளுக்கு நம்பர்தான், எந்த நம்பர் யார் என்பதும் அவளுக்குத் தெரியக் கூடாதாம். இந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

வலது கண்ணால் பலகையில் பாதி தாண்டிப் படித்தேன். இடது கண் பென்ஷனில் போய்விட்டது, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசி எறும்புக்கடி மாதிரிதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அலறினார். ஆறுதல் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

செய்தித்தாளில் மை மட்டமாகிவிட்டது. நடுவில் இருக்கிற எழுத்தெல்லாம் அழிந்தே வருகிறது. கடைக்காரரைக் கண்டித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பலகை அறை இருட்டாக இருக்கும். சுவரில் வெளிச்சப் பெட்டி, அதன்மேல் பலகை. படிக்கவைக்கிற பெண் பெயர் பெனிட்டா. நல்ல பிள்ளை.

இன்று இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். பலகையைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, நடுவில் புகை அடித்தது மாதிரி இருந்தது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கய்யா. தப்பில்ல" என்றாள் பெனிட்டா.

தப்பில்லையாம். தெரியவில்லை என்று சொன்னதற்காகத்தான் எட்டாம் வகுப்பில் என்னை அதே பெஞ்சில் மறுபடி உட்காரவைத்தார்கள். அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். (ஊரில் நான் சொல்லியிருப்பது, ஹெட்மாஸ்டருக்கு என்மேல் பொறாமை என்று. அதுவும் உண்மைதான்.) என் மருமகள் வைக்கிற பரீட்சையில் நான் ஃபெயிலாவதா? நான் ஃபெயில் என்றால் அவளும் ஃபெயில் என்றுதானே அர்த்தம்?

எனக்கு முன்னால் உள்ளே போனவர் ஞானதுரை, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஸ்டாப் பெயரைக் கூவுகிற மாதிரிதான் எழுத்தையும் கூவுவார். வாசலில் திரைச்சீலைதான், கதவு கிடையாது. க, ட, ல, ம, ழ என்று அவர் கூவியது காதில் அப்படியே நின்றது. கடல்ல மழ. அடுத்தது ப, ட, க, ம, ய. படகுல மயிலு. எனக்குக் கதை கட்டச் சொல்லித்தர வேண்டுமா? செண்பகம் சின்ன வகுப்பில் நதிகளின் பெயரை மறந்தால், கங்கைக்குக் கல்யாணம், கோதாவரி நாத்தனார் என்று கட்டிக்கொடுத்து மனப்பாடம் பண்ணவைத்தவன் நான். அந்த அஸ்திவாரத்தில்தான் அவள் டாக்டரானாள்.

கடலில் மழை பெய்தது. படகில் மயில் வந்தது. நரி பலாச்சுளை கேட்டது. தவளை பணம் கொடுத்தது. நாலு வரியும் வந்துவிட்டது.

"எழுத்த மறுபடி மொதல்லேர்ந்து சொல்லுதேம்மா, இப்பத்தான் கண்ணு தெளிஞ்சிருக்கு" என்றேன்.

பெனிட்டா சந்தோஷப்பட்டாள். ஊசி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள் முக்கூடல் பேச்சியம்மாள். பீடி சுற்றுகிறாள். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். வாயைத் திறந்தால் பெஞ்சே சிரிக்கும்.

"ஏ அண்ணாச்சி, நீங்க மட்டும் எப்படி உள்ள போயிட்டுப் புது மாப்பிள்ள கணக்கா சிரிச்சிட்டு வாறீய?"

"அதுக்கெல்லாம் மூள வேணும் தாயி."

"அது எந்தக் கடையில விக்கின்னு சொல்லுங்க, அரக்கிலோ வாங்கிட்டு வாறேன்."

சொல்லிக்கொடுத்தேன். பேச்சி இரண்டாம் வகுப்பு. ஆனால் கதையை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பெஞ்சிலிருந்த மற்றவர்களும் காதைக் கொடுத்தார்கள். ஞானதுரைதான் இழுத்தார்.

"நாயகம், இது காப்பியடிக்கிறதுல்லா?"

"யாரு சொத்த எடுக்கப் போறோம்? டாக்டரம்மா ஜெயிக்கணுமா வேண்டாமா?"

 அதற்குப் பேச்சிதான் பதில் சொன்னாள். "எங்கூர் முகாமுக்கு வந்தப்ப அந்தம்மா எங்கூடத் தரையில உக்காந்துச்சு. எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'கண்ணு போச்சுன்னா பீடி சுத்த முடியுமாம்மா, தவறாம வந்துருங்க'ன்னுச்சு. இம்புட்டுப் படிச்சவுக யாரும் எங்கையப் புடிச்சதில்ல. அதுக்காவ நான் மயில் மேலயே ஏறி வருவேன்."

அந்த அம்மாவுக்கு நான் தாய்மாமன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் இதற்கு முன்னால் நான் எதையும் அடக்கியதில்லை.

மே 11, ஞாயிறு

செண்பகம் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை பூனாவில் வேலை, அதனால் அவளும் லேப்டாப்பும்தான். காலையில் ஆபரேஷன், மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் மாணவர்களின் கட்டுரையைத் திருத்துவது, ஞாயிற்றுக்கிழமை முகாம். இன்றைக்கு முகாம் இல்லாததால் எனக்கு இடம் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி காரோடு கூப்பிட்டது, போகவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இங்கேயே தேய்கிறாள். சாம்பார் ஆறிப் போய் ஆடை படிந்திருந்தது.

"மாமா, நான் எதையும் பாக்கக் கூடாது, பாக்கவும் இல்ல. ஆனா கண்காணிப்புக் குழுவுல ஒருத்தர் வாய் தவறிச் சொல்லிட்டாரு. யாருக்கும் எழுத்து கீழ எறங்கலையாம். பாதிப் பேருக்கு மேல ஊசியே தேவப்படலையாம்."

சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத ஆசை. முகத்தின் ஓரம்தான் தெரிந்தது. குரல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு இருந்த குரல்.

"நெசமா மட்டும் இருந்துச்சுன்னா, மெஷின் இல்லாத ஊருக்கெல்லாம் இத எடுத்துட்டுப் போயிரலாம் மாமா."

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா."

"ஆமா, தொட்டில்ல வச்சே சொன்னீய." காப்பி கொண்டுவந்தாள். கையை நீட்டினேன். "மாமா, டம்ளர் இந்தப் பக்கம்." டம்ளரை என் கைக்குள் வைத்தாள். "மதுர டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"எங்கண்ணப் பாத்துட்டு, இது இருபது வயசுப் பையன் கண்ணுன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"அவரு எழுதுத டாக்டர் இல்ல. சொல்லுத டாக்டர்."

சிரித்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. வேலைக் களைப்பு. இல்லையென்றால் விட்டிருக்கமாட்டாள்.

மே 27, செவ்வாய்

பெஞ்ச் மொத்தமும் பாஸ்.

ஜூன் 9, திங்கள்

இந்த டைரியில் கோடுகளை வளைத்து அச்சடித்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான். இன்றிலிருந்து பட்டையான கறுப்பு ஸ்கெட்ச் பேனா.

ஜூன் 24, செவ்வாய்

பேச்சி இன்று சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, பீடி எலையில நரம்பு எங்க ஓடுதுன்னு தெரியல. கைத்தடவல்லதான் வெட்டுதேன். கோணல் மாணலாப் போயி, பீடிக் கம்பெனி கணக்கப்புள்ள கட்டு கட்டாக் கழிச்சுத் திருப்பிக் குடுக்கான். ஊசி கேப்பமான்னு இருக்கு."

"கேளு."

"கேட்டா, எழுத்து நல்லாச் சொல்லுதியளேம்மா, தேவையில்லன்னு அந்தப் பிள்ள சொல்லும். இந்தத் தடவ தெரியலன்னு சொல்லிரட்டா?"

நான் சொன்னது: "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு பேச்சி. நீ ஒரு எழுத்து கொறச்சா, அந்தம்மா கணக்கு மொத்தமும் சாஞ்சு போவும். ஒரு மாசம் பொறு. இதெல்லாம் சூட்டுக் கண்ணு, வெந்தயம் ஊறப்போட்டுக் குடி."

"நீங்க வெவரமான ஆளு, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாள். உள்ளேயிருந்து கேட்டது. கடல், மழை, படகு, மயில். ஒரு எழுத்து பிசகவில்லை.

வெந்தயம் உண்மையிலேயே குளிர்ச்சிதான்.

ஜூலை 22, செவ்வாய்

பேச்சி வரவில்லை.  ஞானதுரைக்கு இன்று வரிசை தவறி ஒரு எழுத்து விட்டுப்போய், ஊசி போட்டார்கள். எழுத்தை வேண்டுமென்றே விட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஜூலை 24, வியாழன்

முக்கூடலுக்குப் போனேன். எந்த பஸ் என்று நாலு பேரிடம் கேட்டு ஏறினேன். இப்போதெல்லாம் போர்டை யார் ஒழுங்காக எழுதுகிறார்கள்.

பேச்சி பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் இலை இல்லை. முந்தின வாரம் வீட்டு முன் சாக்கடை வாறுகாலில் விழுந்திருக்கிறாள். விழுந்ததால் கண் போகவில்லை. கண் போனதால் விழுந்தாள். ஒரு கண்ணில் சிவப்புத் திரை இறங்கின மாதிரி இருந்து, மறுநாள் கறுப்பாகிவிட்டதாம். மற்றதில் வெளிச்சம் மட்டும்.

"யாரு, அண்ணாச்சியா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சிட்டு."

என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. இதையும் முதல் தடவை என்றே எழுதிக்கொள்கிறேன்.

"ஏன் பேசாம நிக்கீய? எனக்கு எழுத்து மறக்கல பாத்துக்கிடுங்க." சொல்லிக்காட்டினாள். நரி, பலாச்சுளை, தவளை, பணம். சொல்லி முடித்துவிட்டு, "டாக்டரம்மாட்ட யாரும் போட்டுக் குடுக்காம இருக்கணும். அதுக்கு மனசு சங்கடப்படும்" என்றாள்.

வாடகைக் கார் வைத்து அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். வாசல் வரைக்கும்தான். உள்ளே போகவில்லை. உள்ளே செண்பகம் இருப்பாள்.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். செண்பகம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். டெல்லியில் விழித்திரை டாக்டர்களின் மாநாடு, ஆராய்ச்சியைப் பற்றி அவள் பேசப்போகிறாள். செப்டம்பரில் துறைத் தலைவர் இண்டர்வியூ. "மாமா, நீங்க சொன்னது பலிக்கப் போவுது" என்று காலில் விழுந்தாள்.

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்ற தபசுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நாள். விளைச்சலுக்கு வேண்டி ஜனம் வீசின பஞ்சும் மிளகாய் வத்தலும் என் தலையில் விழுந்தன. எல்லோரும் கை கூப்பினபோது நானும் கூப்பினேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூப்பினேன். பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

தெருவில் எல்லோரிடமும், இந்த வருஷம் தரிசனம் எனக்கு மாதிரி யாருக்கும் கிடைத்திருக்காது, மூக்குத்தி ஜொலித்தது என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்று உள்ளே உட்கார்ந்தேன். "தெரியல" என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். பெனிட்டா, "மேலேருந்து சொல்லுங்கய்யா" என்றதும் நாக்கு அதுவாகவே ஓடியது. க, ட, ல, ம, ழ. நிறுத்த முடியவில்லை. பிரேக் பிடிக்காத லாரி மாதிரி நாலு வரியும் இறங்கித்தான் நின்றது.

"உங்களுக்கு ஊசியே வேண்டாம்யா, அருமை" என்றாள்.

வெளியே வந்து வழி தெரியாமல் பெண்கள் கழிப்பறைக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

செண்பகம் போன் பண்ணினாள். பூட்டி வைத்த ஸ்கேனைத் திறந்துவிட்டார்களாம்.

"எழுத்தெல்லாம் ஏறியிருக்கு மாமா, படத்துல திரை தண்ணியில மெதக்குது. ஒருத்தருக்கு ரெண்டு பேருக்குன்னா சரி. செவ்வாக்கெழம வாறவங்க அத்தன பேருக்கும். இப்படி ஒரு கண்ணு உலகத்துலயே கெடையாது. பேச்சியம்மான்னு ஒருத்தங்க, திரை சுருண்டே போச்சு, ஆபரேஷன் பண்ணியும் திரும்பல. அவங்க பேருக்கு நேரா ஜூன்ல நாலு வரிக்கும் முழு மார்க்கு போட்டிருக்கு." மூச்சு விட்டாள். "எங்கையோ நான் தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு தெரியல."

"நீ தப்பு பண்ண மாட்ட" என்றேன்.

"அப்ப யாரு மாமா?"

டவர் இல்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். டவர் இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

நேரே அவள் அறைக்குப் போனேன். துறைத் தலைவரும் பெரிய டாக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று மாஸ்க்கைக் கழற்றி, "இதுக்கெல்லாம் காரணம் நான். இந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க" என்று கணீரென்று சொன்னேன். அறையே ஆடிப்போய்விட்டது. துறைத் தலைவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கி, "இப்படி ஒரு நேர்மையான மனுஷன என் சர்வீசுல பாத்ததில்ல" என்றார். செண்பகம் என் தோளில் சாய்ந்து, "எங்க மாமா" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

செப்டம்பர் 17, புதன்

நேற்றைய பக்கத்தைத் திரும்ப ஒருதரம் படிக்க முயன்றேன். முடியவில்லை. நன்றாகத்தான் எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 22, திங்கள்

செண்பகம் ஆராய்ச்சியை நிறுத்தி எழுதிக்கொடுத்துவிட்டாள். டெல்லியில் பேசியதெல்லாம் தவறு என்று அங்கேயும் எழுதிவிட்டாள். சொந்தத் தாய்மாமனே உள்ளே உட்கார்ந்திருந்ததால், தெரிந்தே சேர்த்தாளா என்று அவளை விசாரிக்க ஒரு குழு. இண்டர்வியூவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. இருபது வருஷம் அவள் வாங்கின நல்ல பெயர், ஒரே வாரக் காப்பி நேரத்தில் எல்லோர் வாயிலும் அரைபட்டதாம். ஞானதுரை சொன்னார்.

அவர்கள் அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், செவ்வாய்க்கிழமை பெஞ்சில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவளே போன் போட்டு, அன்றைக்கே வரச்சொல்லி ஊசி போட்டிருக்கிறாள். ஞானதுரைக்குக் கண் தப்பித்துவிடுமாம். மற்றவர்களில் சிலரைப் பற்றி இன்னும் சொல்ல முடியாதாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

எனக்கும் அவளே ஊசி போட்டாள். விதி முடிந்துவிட்டதால் இனிமேல் நான் உறவுக்காரனாக இருக்கலாம். ஊசி எறும்புக்கடி மாதிரி இல்லை. முதல் தடவையும் எறும்புக்கடி மாதிரி இல்லை. அலறியது பக்கத்துக் கட்டில்காரர் இல்லை.

"வலது கண்ணு எம்புட்டுத் திரும்பும் தாயி?"

"சொல்ல முடியாது மாமா."

"குத்துமதிப்பா ஒண்ணு சொல்லேன்."

"குத்துமதிப்பால்லாம் இனிமே நான் சொல்லுததா இல்ல."

வெளியே வரும்போது, மற்றக் கண்ணுக்காக இன்னும் வார்டில் வைத்திருக்கிற பேச்சியின் கட்டில் பக்கம் போனேன். டாக்டரம்மா தினமும் வந்து பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னாள். "வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசாம இருக்கு, அண்ணாச்சி. எதாவது திட்டுனாலும் தேவலன்னு இருக்கு."

செப்டம்பர் 30, செவ்வாய்

இந்த டைரியில் நான் எழுதியதில் கூடக் குறைய இருக்கும். மின்விசிறி, மூக்குத்தி, அதெல்லாம் யாரையும் கெடுக்காது, போகட்டும். ஆனால் ஒன்று அப்படியே கட்டுக்கதை. பதினாறாம் தேதி நான் போய்ச் சொல்லவில்லை. துறைத் தலைவரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

நடந்தது இது. அன்றைக்கும் வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனேன். இருட்டு. பெட்டி வெளிச்சம். பெனிட்டா நாற்காலியில் உட்காரவைத்து இடது கண்ணை மூடினாள். "சொல்லுங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. சளி என்று நினைத்தேன்.

சொன்னேன். கடலில் மழை பெய்தது. படகில் மயில் வந்தது. நரி வந்தது, தவளை வந்தது. எல்லாம் நடுக்கமில்லாமல் வந்தன. கடைசி வரியில் கொஞ்சம் யோசிக்கிற மாதிரிகூட நடித்தேன், அப்போதுதான் நம்புவார்கள்.

முடித்துவிட்டு, பெனிட்டா "அருமை" என்பாள் என்று காத்திருந்தேன். பிறகு எனக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், "கோதாவரி யாருக்கு நாத்தனார் மாமா?" என்று கேட்டது.

திரும்பினேன். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பேச்சியம்மா வார்டுல படுத்துக்கிட்டு மயிலு, நரின்னு சொன்னப்பவே இது யாரு கட்டுன கதன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க இந்த நாக்காலியில உக்காந்திருப்பீயன்னு மட்டும் நெனைக்கல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். "பலகையப் பாருங்க மாமா. இப்ப என்ன தெரியுது? நெசமாச் சொல்லுங்க."

பார்த்தேன். எவ்வளவோ நேரம் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியல தாயி. வெறும் வெள்ளையா இருக்கு."

"சரிதான் மாமா" என்றாள். "இன்னைக்குப் பலகையே மாட்டல."